பேச வந்தவரா, வேலை செய்ய வந்தவரா?

துமகூரு சாலையில் மாதவராவை ஒட்டி இருக்கிறது பெங்களூரு சர்வதேசக் கண்காட்சி மையம். அங்கே இம்டெக்ஸ் என்னும் இயந்திரக் கருவிக் கண்காட்சி நடக்கும்போது ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், தைவான் நாட்டுப் பொறியாளர்கள் திரளாக வருவார்கள். அரங்கில் நின்று தங்கள் சிஎன்சி இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவார்கள், விலை பேசுவார்கள், ஆர்டர் எடுப்பார்கள். இதற்கெல்லாம் பிசினஸ் விசா போதும். அந்த இயந்திரத்தை பீன்யாவில் ஒரு பட்டறை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் வந்து இறங்கிய இயந்திரத்தை அஸ்திவாரத்தில் ஏற்றி, மட்டம் பார்த்து, மின்இணைப்புக் கொடுத்து, முதல் உருப்படியைக் கடைந்து காட்ட அதே பொறியாளர் மறுபடி வருகிறார். அதே சாலை, அதே இயந்திரம். நகரத்துப் பக்கம் சில கிலோமீட்டர் உள்ளே, அவ்வளவுதான். ஆனால் இந்த முறை பிசினஸ் விசாவில் வந்தால் அது விதிமீறல்; இதற்கு எம்ப்ளாய்மென்ட் விசா வேண்டும் என்பதே இந்திய உள்துறை அமைச்சகம் பல ஆண்டுகளாகப் பிடித்து நின்ற நிலை.

இதையே எதிர்த்திசையில் பார்க்கலாம். பீன்யாவில் செய்த இயந்திரத்தை அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத் தொழிற்சாலை ஒன்று வாங்குகிறது. பொருத்திக் கொடுக்கும் சேவை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால், இங்கிருந்து போகிற ஃபிட்டருக்கு பி-1 என்னும் அமெரிக்க பிசினஸ் விசா போதும். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து டாலஸ் போகிற மென்பொருள் பொறியாளர் அதே பி-1ஐ வைத்துக்கொண்டு க்ளையன்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் டெஸ்டிங் செய்தால் மாட்டிக்கொள்வார்.

இரண்டு நாடுகளுமே ‘பேச வா, வேலை செய்ய வராதே’ என்றுதான் சொல்கின்றன. பேச்சு எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாட்டை ஒரே ஊரில் நின்று பார்க்க வேண்டுமானால் பெங்களூரை விட்டால் வேறு இடம் இல்லை. இங்கிருந்து ஆன்சைட் போகிறவர்களும் அதிகம்; இங்கே மீட்டிங்குக்கும் பயிற்சிக்கும் இன்ஸ்டலேஷனுக்கும் வருகிற வெளிநாட்டவர்களும் அதிகம். இரு பக்க விதிகளும் ஒரே ஊர் ஆட்கள் மேல் விழுகின்றன.

முதலில் அமெரிக்கப் பக்கம். 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பிசினஸ் விசாவுக்குத் தரும் விளக்கம் மிகச் சுருக்கமானது. தற்காலிகமாக வணிகத்துக்கு வருகிறவர் வரலாம். திறனுள்ள வேலையோ திறன் தேவைப்படாத வேலையோ செய்ய வருகிறவர் இந்த வகையில் வர முடியாது. வணிகம் என்றால் என்ன, வேலை என்றால் என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதை வழக்குகள்தான் சொல்லின. ஹாங்காங்கில் ஆண்களுக்கான உடைகளை அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி அமெரிக்காவுக்கு வந்து வாடிக்கையாளர்களுக்கு அளவெடுத்தார். ஆர்டரையும் பணத்தையும் ஹாங்காங்குக்கு அனுப்பினார். துணி அங்கே தைக்கப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தது. அளவெடுப்பது வேலைதானே என்று குடியேற்ற அதிகாரிகள் கேட்டார்கள். ஹீரா வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் அந்த வழக்கில் 1965-66இல் வந்த முடிவு வேறு. கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்காதே. தொழிலின் தலைமையிடம் எங்கே, லாபம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார். இரண்டும் வெளிநாட்டில் இருந்தால் அவர் வணிகத்துக்கு வந்தவர்தான்.

இந்தத் தீர்ப்பு நல்ல தீர்ப்பு என்றே நினைக்கிறேன். அளவெடுக்கிற நாடாவைப் பார்க்காமல் வணிகத்தின் முழு ஓட்டத்தையும் பார்த்தது அது. அதே நேரம், எதையும் அதற்குள் நுழைத்துவிடலாம் என்கிற அளவுக்குக் கதவையும் அகலத் திறந்து வைத்தது. 1980களில் கலிஃபோர்னியாவில் ஹோம்ஸ்டேக் என்னும் சுரங்க நிறுவனம், தங்கத் தாது பிரிக்கும் அமைப்பை மேற்கு ஜெர்மனியிலிருந்து வாங்கி, அதைக் கட்டியெழுப்ப ஜெர்மானியத் தொழிலாளர்களை பி-1 விசாவில் வரவழைத்தது. செங்கல் அடுக்கும் வேலையை எங்கள் ஆட்களே செய்வார்களே என்று கொத்தனார் தொழிற்சங்கம் நீதிமன்றம் போனது. 1985இல் தீர்ப்பு சங்கத்தின் பக்கம். அதற்குப் பிறகு வந்த விதிதான் இன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய இயந்திரத்தைப் பொருத்தலாம், பழுது பார்க்கலாம், உள்ளூர் ஆட்களுக்குச் சொல்லித் தரலாம். கட்டட வேலையில் கைவைக்கக் கூடாது, மேற்பார்வை வேண்டுமானால் செய்யலாம். சம்பளம் அமெரிக்காவிலிருந்து வரக் கூடாது.

இரும்பு இயந்திரத்துக்கு இப்படி ஓரளவு தெளிவு பிறந்தது. மென்பொருளுக்குப் பிறக்கவில்லை. பெங்களூரின் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மென்பொருள் சேவை என்பது பாதி இங்கே, பாதி அங்கே நடக்கிற தொழில். க்ளையன்டின் தேவையைக் கேட்டறிவது பேச்சு. அதை எழுதிக்கொண்டு வந்து பெங்களூரில் நிரல் எழுதினால் ஹீரா வழக்கின் அளவெடுப்புக் கணக்கில் சேரும். ஆனால் அங்கேயே நான்கு வாரம் தங்கி, க்ளையன்டின் கணினியில் நுழைந்து, பிழை திருத்தி, நேரலைக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்பினால்? அதற்கு எச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசா வேண்டும். எச்-1பிக்கு ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்று உச்சவரம்பு உண்டு; குலுக்கல் உண்டு; அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு வழங்கும் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் உண்டு. பி-1இல் இவை எதுவும் இல்லை. ஊர்ச் சம்பளம் ஊரிலேயே ஓடும். அங்கே தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் பெர் டீம் கொடுத்தால் போதும். இந்தியர்களுக்கு பி-1 பொதுவாகப் பத்தாண்டு செல்லுபடியாகும்படியே கிடைக்கும். ப்ராஜெக்ட் திங்கட்கிழமை தொடங்குகிறது, எச்-1பி அக்டோபரில்தான் கிடைக்கும் என்கிற நிலையில் மேலாளர்களின் கை எந்தப் பக்கம் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கை போன இடம் 2013இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸ், அமெரிக்க அரசுடன் 3.4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. குடியேற்ற விதி தொடர்பான வழக்கு ஒன்றில் அதுவரை அவ்வளவு பெரிய தொகை வாங்கப்பட்டதில்லை என்று டெக்சாஸ் கிழக்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்தது. எச்-1பி வேண்டிய வேலைகளுக்கு பி-1இல் ஆட்களை அனுப்பினார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. ஐ-9 என்னும் பணியாளர் தகுதிப் படிவங்களைப் பராமரிப்பதில் நேர்ந்த குறைகளை மட்டும் ஒப்புக்கொண்டது. இதற்கு முன்பே, அந்த நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர் ஜாக் பால்மர், இந்தப் பழக்கத்தைச் சுட்டிக்காட்டியதற்காகத் தன்னைப் பழிவாங்கினார்கள் என்று 2011இல் அலபாமாவில் தொடுத்த வழக்கு 2012இல் தள்ளுபடியாகியிருந்தது. 2019இல் கலிஃபோர்னியா மாநிலமும் இதேபோன்ற குற்றச்சாட்டில் 8 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு வழக்கை முடித்தது. அப்போதும் நிறுவனம் தவறை ஏற்கவில்லை.

தொகையைவிட என்னை நிறுத்தியது அந்தச் சமரச ஆவணத்தில் அரசு குறிப்பிட்டிருந்த ஒரு தாள். விசா நேர்காணலுக்குப் போகிறவர்கள் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று அறிவுறுத்தும் தாள். செயல்படுத்துதல், வடிவமைப்பு, சோதனை, ஆலோசனை என்று வேலை போலத் தொனிக்கும் எதையும் வாயில் வரவிடாதே. ‘வேலை’ என்ற வார்த்தையையே தவிர். அழைப்புக் கடிதங்களிலும் கூட்டம், கலந்துரையாடல் என்றே எழுதப்பட்டன என்றது அரசு. குறிப்பிட்ட அந்த நிறுவனத்தைப் பற்றி மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் பெங்களூர் ஐ.டி. அலுவலகங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழகிய பேச்சு. “மீட்டிங்னு சொல்லுங்க, அவ்வளவுதான். ப்ராஜெக்ட்னு வாயைத் திறக்காதீங்க.” சொல்கிறவர் டிராவல் டெஸ்க்கில் இருப்பார். கேட்டுக்கொள்கிறவருக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணமாக இருக்கும்.

இங்கே தண்டனை எப்படிப் பங்காகிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனம் பணம் கட்டியது, தொழிலைத் தொடர்ந்து நடத்தியது. ஆனால் சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொய் சொன்னார் என்று ஒரு பொறியாளர் மேல் முடிவானால், அமெரிக்கச் சட்டப்படி அவர் வாழ்நாள் முழுக்க அந்த நாட்டுக்குள் நுழையத் தகுதியற்றவர். விலக்குக் கேட்டு மன்றாடலாம், கிடைத்தால் உண்டு. விமான நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினால் ஐந்தாண்டுத் தடை. பயணியின் பாஸ்போர்ட்டில் ஏறும் இந்தக் கறையை, அந்தத் தாளை எழுதியவர் சுமப்பதில்லை.

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் படம் முழுமையாகாது. எச்-1பிக்கு மாற்றாக பி-1 என்றே ஓர் உள்வகை அமெரிக்க வெளியுறவுத் துறைக் கையேட்டில் இருந்து வந்திருக்கிறது. பட்டம் படித்தவர், வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியர், சம்பளமும் வெளிநாட்டிலேயே, வேலை மட்டும் எச்-1பி தரத்தது என்றால், குறுகிய காலத்துக்கு முறையாக விண்ணப்பித்து இதைப் பெறலாம். 2020இல் இதை நீக்க வெளியுறவுத் துறை முன்மொழிந்தது. நேர்வழி என்று ஒன்று இருந்திருக்கிறது. அது குறுகலானது, அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. அதனால்தான் பலர் பொத்தாம் பொதுவான பி-1ஐ வைத்துச் சமாளித்தார்கள்.

இனி இந்தியப் பக்கம். இங்கே ஹீரா வழக்கைப் போல லாபம் எங்கே சேருகிறது என்று கேட்கும் மரபு இல்லை. நீதிமன்றத் தீர்ப்பைவிட உள்துறை அமைச்சகத்தின் அறிவுறுத்தல்களும் கேள்வி-பதில் தொகுப்பும்தான் எல்லைக் கோட்டைப் போடுகின்றன. அந்தக் கோடு கூர்மையாக விழுந்தது 2009இல். மின் நிலையங்களிலும் எஃகு ஆலைகளிலும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள், பிசினஸ் விசாவில் வந்து திட்ட வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். பிசினஸ் விசாவில் இருந்துகொண்டு ஒப்பந்த வேலை செய்கிற எல்லாரும் நாடு திரும்பி, முறையான விசா எடுத்து வரட்டும் என்று அரசு உத்தரவிட்டது. முதலில் செப்டம்பர் 30 கெடு, பிறகு அக்டோபர் 31. அடுத்த ஆண்டு மின்சாரம், எஃகு ஆகிய இரு துறைகளுக்கும் ப்ராஜெக்ட் விசா என்று தனி வகை வந்தது. எம்ப்ளாய்மென்ட் விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் குறைந்தது 25,000 டாலர் இருக்க வேண்டும் என்ற வரம்பும் வந்தது.

கொத்தனார் சங்கத்தின் வழக்கால் அமெரிக்காவில் பிறந்த விதியும், சீனத் தொழிலாளர்களால் இந்தியாவில் பிறந்த விதியும் ஒரே அச்சத்திலிருந்து வந்தவைதான்: உள்ளூர்க்காரன் வேலையை வெளியூர்க்காரன் மலிவாகச் செய்துவிட்டுப் போய்விடக் கூடாது. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. தீர்வுதான் மாறியது. அமெரிக்கா இயந்திரத்தைப் பொருத்துகிறவரை உள்ளே விட்டது, கட்டுகிறவரை நிறுத்தியது. இந்தியா இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. இந்திய பிசினஸ் விசாவில் தொழில் தொடங்கும் வாய்ப்பைத் தேடி வரலாம், வாங்க விற்க வரலாம், இயக்குநர் குழுக் கூட்டத்துக்கும் தொழில்நுட்பக் கூட்டத்துக்கும் வரலாம், ஆள் எடுக்க வரலாம், கண்காட்சிக்கு வரலாம். நடந்துகொண்டிருக்கும் திட்டத்தின் முன்னேற்றத்தைப் பார்வையிடவும், ஆரம்பப் பயிற்சி தரவும் நிபுணர் வரலாம். விற்பனைக்கு முந்தைய, பிந்தைய வேலைகள் கூடச் செய்யலாம், ஆனால் அது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதாக ஆகிவிடக் கூடாது. இயந்திரம் வழங்கும் ஒப்பந்தத்தின்படி பொருத்தி இயக்கித் தர வருகிற பொறியாளரையோ எம்ப்ளாய்மென்ட் விசாப் பட்டியலில் எழுதி வைத்தார்கள். இந்திய நிறுவனம் கட்டணமோ ராயல்டியோ கொடுத்துப் பெறும் தொழில்நுட்பச் சேவைக்கு வருகிறவரும் அந்தப் பட்டியலில்தான்.

பீன்யா பட்டறைக்காரரின் இடத்திலிருந்து இதைப் பார்த்தால் கஷ்டம் புரியும். அவருக்கு அந்தத் தைவான் பொறியாளர் ஊழியர் கிடையாது. சம்பளம் கொடுப்பவர் இயந்திரம் விற்றவர். வருவதும் பத்து நாளுக்கு. இயந்திரத்துக்கு வங்கிக் கடன் தவணை ஓடத் தொடங்கிவிட்டது. இயந்திரம் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அவரைப் போய், தகுதியுள்ள இந்தியர்கள் கிடைக்காத வேலைதானா இது, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வார்? வேலைவாய்ப்பைக் காக்கச் செய்த விதி, பத்து இந்தியர்களுக்கு வேலை தரப் போகிற இயந்திரத்தையே 2025 வரை நிறுத்தி வைத்தது. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க விதி அந்த இந்திய விதியைவிட அறிவுள்ளது.

சம்பள வரம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் கவனிக்காத ஒன்று. 25,000 டாலர் என்று இருந்ததைப் பிற்பாடு ரூபாயில் 16.25 லட்சம் என்று நிறுத்தினார்கள். வகுத்துப் பார்த்தால் டாலருக்கு 65 ரூபாய். ரூபாய் அந்த மதிப்பைக் கடந்து வெகுதூரம் இறங்கிவிட்டது. வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. ஆக, மலிவு உழைப்பைத் தடுக்கப் போட்ட வேலியின் உயரம் டாலர் கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. அமெரிக்காவில் எச்-1பி சம்பளம் இடத்துக்கும் வேலைக்கும் ஏற்பக் கணக்கிடப்படுகிறது. 2025 செப்டம்பரிலோ அதிபரின் பிரகடனம் ஒன்று புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. நேர்வழிக்கு இவ்வளவு விலை வைத்தால் குறுக்குவழிக்கு ஆசை கூடும். பி-1 மீதான அழுத்தம் இனி அதிகரிக்கும் என்பதே என் கணிப்பு.

விசாவைக் கையில் வாங்குவதில் இரு நாட்டு நடைமுறையும் தலைகீழ். பெங்களூர்க்காரர் பி-1 எடுக்க ஊர்விட்டு ஊர் போக வேண்டும். பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கான அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தது என்றாலும், விசா நேர்காணலுக்குச் சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ பயணம் செய்வதுதான் இந்நகரத்துப் பழக்கம். விண்ணப்பிக்கிற எவரும் அங்கேயே தங்கிவிடப் பார்க்கிறவர் என்று கருதித்தான் அமெரிக்கச் சட்டம் தொடங்குகிறது. அப்படி இல்லை என்று அவர்தான் இரண்டு மூன்று நிமிடத்தில் நிரூபிக்க வேண்டும். இந்தியாவோ 2017 ஏப்ரலிலிருந்து பல நாட்டவருக்கு இ-பிசினஸ் விசாவை இணையத்திலேயே தருகிறது. நேர்காணல் இல்லை. ஓராண்டு செல்லுபடி, எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், ஒரு முறைக்கு 180 நாள் வரை தங்கலாம்.

நுழைவதற்கு இந்தியா எளிது. ஆனால் நுழைந்த பிறகு கண்காணிப்பு அதிகம். எம்ப்ளாய்மென்ட் விசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சாந்திநகர் பேருந்து நிலையக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அந்த அலுவலகம் இயங்கிய நாட்களில், மேலே ஜப்பானியரும் கொரியரும் கோப்போடு காத்திருப்பார்கள். கீழே தமிழ்நாட்டுப் பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருக்கும். அமெரிக்க விசா நேர்காணலுக்குப் போகிறவர்களும் அவற்றில் ஏறிப் போயிருப்பார்கள். 2018இல் அந்த அலுவலகத்தின் இணையச் சேவையான இ-எஃப்ஆர்ஆர்ஓ வந்து பெரும்பாலான வேலையை இணையத்துக்கு மாற்றிவிட்டது. ஆனால் பிசினஸ் விசாவில் வந்தவர் இங்கேயே இருந்துகொண்டு அதை எம்ப்ளாய்மென்ட் விசாவாக மாற்றிக்கொள்ள முடியாது என்பது பொதுவிதி. ஊருக்குப் போய்ப் புதிதாக வாங்கி வர வேண்டும்.

எம்ப்ளாய்மென்ட் விசாவோடு இன்னொரு சுமையும் சேர்ந்து வருகிறது. 2008இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, இந்திய நிறுவனத்தில் பணிபுரியும் வெளிநாட்டவர் முழுச் சம்பளத்தின் மீதும் வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும். சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு விலக்கு உண்டு. பெங்களூரில் உள்ள கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இந்த ஏற்பாட்டை அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. இதற்கு நேர் எதிரில், அமெரிக்காவில் எச்-1பியில் உழைக்கும் நம் ஆட்கள் அங்கே கட்டுகிற சமூகப் பாதுகாப்பு வரியில் பெரும்பகுதி பயனில்லாமல் போகிறது, இரு நாடுகளுக்கிடையே அத்தகைய ஒப்பந்தம் இல்லாததால். பத்தாண்டுகளுக்கும் மேலாக இதற்கு ஒரு முடிவு காணாதது இரு அரசுகளின் அலட்சியம்தான்.

அழைக்கிறவரின் பொறுப்பிலும் வேறுபாடு உண்டு. இந்திய பிசினஸ் விசாவில், அழைக்கும் இந்திய நிறுவனம் வெளிநாட்டவரின் நடத்தைக்கும் அவர் காலத்தோடு திரும்புவதற்கும் பொறுப்பு என்று விதி சொல்கிறது. அமெரிக்க பி-1இல் அழைப்புக் கடிதம் ஒரு துணை ஆவணம்தான். எச்-1பி போல நிறுவனம் மனுப்போட்டுச் சத்தியம் செய்கிற ஏற்பாடு கிடையாது. சொல்வதெல்லாம் பயணி சொல்வது. தாளில் பார்த்தால் இந்திய முறை மேல். நடைமுறையில் இரண்டும் வந்து முடியும் இடம் ஒன்றே: ‘நாட்டை விட்டு வெளியேறு’ என்கிற நோட்டீஸ் வெளிநாட்டவர் கையில்தான் கொடுக்கப்படுகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1946ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கியது. விசா நிபந்தனையை மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது. பிசினஸ் விசாவில் வந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தவரும் இந்தப் பிரிவுக்குள் வரக்கூடியவர்.

அந்தச் சட்டம் அமலாகி மூன்றாம் நாள் கழிந்ததும், செப்டம்பர் 4 அன்று, அமெரிக்கா தன் விதியின் மதிப்பைத் தானே குறைத்துக்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தில் எல்லபெல் என்ற இடத்தில் ஹூண்டாயும் எல்ஜி எனர்ஜி சொல்யூஷனும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்தார்கள். 475 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் தென்கொரியர்கள். பி-1இலும் விசா விலக்குத் திட்டத்திலும் வந்தவர்கள் பலர். இயந்திரம் பொருத்த வந்தோம், இது அனுமதிக்கப்பட்ட வேலை என்று அவர்கள் தரப்பு சொன்னது. கையிலும் காலிலும் விலங்கிட்டு நடத்திச் சென்ற படங்களை உலகம் பார்த்தது. ஒரு வாரம் கழித்துத் தனி விமானத்தில் இஞ்சியோன் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மாத இறுதியில் இரு நாட்டு அதிகாரிகள் வாஷிங்டனில் உட்கார்ந்து பேசினார்கள். பி-1இல் வந்து இயந்திரம் பொருத்தலாம், பராமரிக்கலாம், பழுது பார்க்கலாம் என்று அமெரிக்கா உறுதிப்படுத்தியது. 1985க்குப் பிறகு கையேட்டில் இருந்து வந்த அதே விதியைத்தான் திரும்பச் சொன்னார்கள். அமெரிக்க விதி அறிவுள்ளது என்று மேலே எழுதினேன், அதில் மாற்றமில்லை. ஆனால் களத்துக்கு வருகிற அதிகாரிக்கு அந்த விதி எட்டாவிட்டால், ஃபிட்டருக்கு அது இருந்தும் இல்லாததுதான். நம் ஊரிலிருந்து போகிற ஃபிட்டர்கள் விற்பனை ஒப்பந்தத்தின் நகலை, சேவைப் பிரிவைக் கோடிட்டு, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

இந்தியா எதிர்த்திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு சீனப் பொறியாளர்களுக்கு விசா கிடைப்பது அரிதாகி, மின்னணு ஆலைகளில் வாங்கிப் போட்ட இயந்திரங்களை நிறுவ ஆளில்லாமல் திணறினார்கள். தேவனஹள்ளியில் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை எழுந்த அதே காலம் அது. 2026 ஜனவரி 1 முதல் இ-பி-4 என்ற புதிய பிசினஸ் விசா வகை நடைமுறைக்கு வந்தது. இயந்திரம் பொருத்துதல், இயக்கித் தருதல், தரச் சோதனை, அத்தியாவசியப் பராமரிப்பு, ஆலை வடிவமைப்பு, பயிற்சி, ஆலையின் ஐ.டி. மற்றும் இஆர்பி அமைப்புகளை நிலைநிறுத்துதல் என எம்ப்ளாய்மென்ட் விசாப் பட்டியலில் கிடந்தவை பிசினஸ் பக்கம் நகர்ந்தன. ஆறு மாதம் வரை தங்கலாம். உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் உள்ள நிறுவனங்களுக்கும் இல்லாதவற்றுக்கும் பொது. சீனத் தொழில்நுட்பர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு என்று பத்திரிகைகள் எழுதின. இருக்கட்டும், பீன்யாக்காரருக்கும் பயன்படும்.

இந்தப் புதிய வகையில் எனக்குப் பிடித்தது ஒன்று. அழைக்கும் நிறுவனம் தேசிய ஒற்றைச் சாளரத் தளத்தில் நுழைந்து ஸ்பான்சர் கடிதத்தை உருவாக்க வேண்டும். நிறுவனப் பதிவு, ஜிஎஸ்டி விவரங்கள் அரசுத் தரவிலிருந்தே வந்து அதில் ஏறிக்கொள்கின்றன. ஆள் எதற்கு வருகிறார் என்பதை எழுதியவர் யார் என்பது பதிவாகிவிடுகிறது. நாளை தகராறு வந்தால், கூட்டத்துக்குத்தான் அழைத்தோம், அவராகத்தான் இயந்திரத்தைத் தொட்டார் என்று கைகழுவ முடியாது. பி-1 அழைப்புக் கடிதத்துக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், ‘மீட்டிங்னு சொல்லுங்க’ என்ற அறிவுரையோடு எத்தனையோ இளம் பொறியாளர்களைச் சென்னைக்குப் பேருந்து ஏற்றியிருக்க மாட்டார்கள். அமெரிக்க வணிக அமைப்புகளும் இந்திய மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமும் எச்-1பி எண்ணிக்கைக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடுகின்றன. அதில் ஒரு பங்கையாவது இதற்குச் செலவிட வேண்டும்: மென்பொருளை க்ளையன்ட் இடத்தில் நிறுவித் தருவதற்கு, இரும்பு இயந்திரத்துக்கு இருப்பது போல, ஒப்பந்தத்தோடு கட்டிய, நாள் வரம்புள்ள, நிறுவனம் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் ஒரு குறுகிய கால வகை. இ-பி-4இல் இஆர்பிக்கு இந்தியா தந்திருப்பதை, அமெரிக்காவிடமும் கேட்கலாம்.